சக்ஷன் பக்கம்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி ஷெட்டில் இருந்தவர்கள்: அப்பா, சட்டைப் பையில் வண்டிச் சாவியோடு. அண்ணன், வலது கையில் கட்டோடு. தங்கை, யாரும் எடுத்துக்கொள்ளாத தேநீர்த் தட்டோடு. மெக்கானிக், முழங்கை வரை கரியோடு. வாசற்படியில் அம்மா, இரண்டு கண்ணிலும் புரை, காது மட்டும் கூர்மை. நடுவில், முன்மூடியைத் தூக்கி வைத்தபடி இருபத்திரண்டு வயது வேன்.

என்ஜின் நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் நடுக்கோட்டில் படுத்துத் தூங்கியது.

"பாத்துக்க," என்றார் அப்பா. "வண்டிக்கு ஒண்ணுமில்ல."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வண்டிக்கு ஒன்றுமில்லை என்றால் ஓட்டியவனுக்குத்தான் ஏதோ.

வியாழக்கிழமை நடந்தது இவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கண் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அண்ணன் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஏழாவது வளைவில் முன்மூடிக்கடியிலிருந்து புகையாக ஆவி வந்தது. இறங்கியவன் பதற்றத்தில் ஈரத் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதிநீர் எகிறியது. துண்டு காப்பாற்றியது பாதிக் கையைத்தான். அம்மா சாலையோரக் கல்லில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வேறு நாள் குறித்துக் கொடுத்தார்: திங்கள், அதாவது நாளைக்கு. அதை விட்டால் அவர் விடுப்பில் போய்த் திரும்ப மூன்று மாதம்.

அன்று சாயங்காலமே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தண்ணி பாக்காம வண்டியை எடுத்திருக்கான்."

"பாத்தேன்பா."

"பாத்திருந்தா எப்படிக் கொதிக்கும்?"

ஆறு வருடமாக அந்த வண்டியில் நாற்பது கடைகளுக்கு ரொட்டி போடுகிறவன் அண்ணன். தினமும் காலையில் தண்ணீர் பார்ப்பான். பார்த்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போனது.

நாளைக்கு வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அம்மா மாட்டேன் என்றாள்.

"வாடகைக் கார்ல ஏறினா, தப்பு அவன் மேலதான்னு நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி. அவன் ஓட்டினா வரேன். இல்லன்னா எனக்கு இந்தக் கண்ணே போதும். இந்த வீட்ல பாக்கறதுக்கு அப்படி என்ன இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த மாதிரி ஒரு வாக்கியம் பேசியதில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் மெக்கானிக் வந்திருந்தான்.

அவனுக்கு 'சந்தேகம்' என்று பேர். எதைக் கேட்டாலும் "சந்தேகமா இருக்கு" என்பான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. முந்தின நாளே ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தான். தெர்மோஸ்டாட் புதுசு. மூடி புதுசு. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. தண்ணீரில் குமிழி வரவில்லை. சந்தேகப்பட வேண்டிய எல்லாவற்றையும் அவன் சந்தேகப்பட்டு முடித்திருந்தான்.

"என்ன சொல்றே?" என்றார் அப்பா.

"சந்தேகமாத்தான் இருக்குய்யா. ஒழுக்கு இல்ல, அடைப்பு இல்ல. காரணமில்லாம எதுவும் கொதிக்காது."

"காரணம் தண்ணி இல்லாததுதான். முப்பத்தொரு வருஷம் பம்ப் ஹவுஸ்ல இருந்தவன் நான். தண்ணியைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேணாம். ஒரு தடவை என்ன ஆச்சுன்னா..."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். சக்ஷன் கதை வரப்போகிறது. இந்த வீட்டில் சோறு வேகும் நேரத்தை விடப் பழகிப்போன கதை.

பம்ப்புக்கு இரண்டு பக்கம். தண்ணீரை உறிஞ்சுவது சக்ஷன் பக்கம், தள்ளுவது டெலிவரி பக்கம். தள்ளுகிற பக்கம் எந்தக் குழாயும் தாங்கும். உறிஞ்சுகிற பக்கம் குழாய் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சப்பிப்போகும். அப்பாவோடு வேலை பார்த்த நெட்டை, அவசரத்துக்கு சக்ஷன் பக்கம் மெத்தென்ற ரப்பர் குழாயை மாட்டிவிட்டான். குழாய் சப்பியது, பம்ப் வறண்டு ஓடி இறுகியது, பாதி ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அப்பா அதை அப்படியே பதிவேட்டில் எழுதினார். நெட்டைக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்தவன் அப்பாவோடு பேசவில்லை. பதினொரு வருடம் ஆகிறது. வீடு இதே தெருவின் கோடியில்தான்.

"...எழுதாதீங்கன்னு கெஞ்சினான். கூடப் பொறந்தவனா இருந்தாலும் எழுதியிருப்பேன்னேன். சக்ஷன் எது டெலிவரி எதுன்னு தெரியாதவன் தண்ணியைத் தொடக்கூடாது," என்று முடித்தார் அப்பா.

வாசற்படியில் அம்மாவின் உதடும் அதே வார்த்தைகளுக்கு அசைந்து, அதே இடத்தில் நின்றது.

மெக்கானிக் கையைத் துடைத்தான். "ஒரு வீட்டுக்குப் போகணும். பெட்டி இங்கேயே இருக்கட்டும். மத்தியானம் வந்து கடைசியா ஒரு தடவை பாக்கறேன்."

அப்பா என்ஜினை நிறுத்தி, சாவியை உருவி, பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

*

அண்ணன் தன் அறையில் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தான். நாலாவது பொத்தான் மூன்றாவது துளையில் இருந்தது.

"காட்டு," என்றாள் தங்கை. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி போட்டாள். "முள் எப்பண்ணா ஏற ஆரம்பிச்சுது?"

"நீயும் விசாரணையா?"

"உன்னை விசாரிக்கல. வண்டியை விசாரிக்கிறேன்."

அவள் ஒரு தையல் கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பவள். நூற்றிருபது மெஷின்கள். தினமும் யாராவது ஒருத்தி கையைத் தூக்கி "நூல் அறுக்குது" என்பாள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் மெஷின் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். அந்தப் பெண்ணையே உட்கார்த்தி, அவள் தைக்கும் அதே துணியை, அதே வேகத்தில் தைக்கச் சொல்லிப் பார்த்தால்தான் குறை வெளியே வரும்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான். யோசித்தான்.

"மூணாவது வளைவுல. செகண்ட் கியர்ல முழுசா மிதிச்சு ஏத்தினேன். முள் ஏறிச்சு. நாலாவது தாண்டி கொஞ்சம் சமதரை வரும்ல, அங்க மெதுவா போனேன், இறங்கிடுச்சு. சரி, சும்மா காட்டுதுன்னு நினைச்சேன். மறுபடி மிதிச்சா மறுபடி ஏறிச்சு."

"ரொட்டி போடறப்ப?"

"ஊருக்குள்ள எங்க மிதிக்கிறது? கடைக்குக் கடை நிறுத்தி எடுக்கறேன்."

"மலைக்குக் கடைசியா எப்பப் போனே?"

"போன வருஷம். அப்ப ஒண்ணும் ஆகல."

தங்கை கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நாற்பது நிமிஷம் சும்மா ஓட விட்டு என்னத்தைக் கண்டுபிடிப்பாங்க? உக்காந்திருக்கிற ஆளுக்கு மூச்சு வாங்குதான்னு பாக்கற மாதிரி இருக்கு. வா, மிதிச்சுப் பாக்கலாம்."

"சாவி?"

"அதான் பிரச்சினை."

கூடத்தில் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவருடைய குறட்டையில் ஒரு ஒழுங்கு உண்டு, நல்ல பம்ப் மாதிரி. சட்டை சுவர்க்கொக்கியில் தொங்கியது. அம்மா சுவரைத் தடவிக்கொண்டே போய், சட்டையைத் தொட்டு, சத்தமில்லாமல் சாவியை எடுத்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா அந்தப் பையைத் துவைக்கிறேன். கண்ணு எதுக்கு?" என்றாள் சமையலறையில். சாவியைத் தங்கையின் கையில் வைத்தாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. "உன்கிட்டதான் குடுக்கறேன். நீ யார்கிட்ட குடுக்கறியோ, எனக்குக் கண்ணு தெரியாது."

*

அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். தங்கை கூந்தலைச் சுருட்டி இறுக்கிக் கட்டினாள். காற்றாடி யாருடைய முடி என்று பார்க்காது. என்ஜின் சூடேறக் காத்திருந்தார்கள். முள் நடுக்கோட்டுக்கு வந்து படுத்தது. தங்கை டார்ச்சோடு முன்பக்கம் குனிந்தாள்.

"மூணாவது வளைவு," என்றாள்.

அவன் மிதித்தான். ஷெட் அதிர்ந்தது. தகரக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது.

அவள் வெளிச்சத்தை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். காற்றாடி சுற்றியது. பெல்ட் நழுவவில்லை. மேல் குழாய் உப்பி இருந்தது. ரேடியேட்டரின் அடியிலிருந்து என்ஜினுக்குப் போகும் கீழ்க்குழாயில் வெளிச்சம் நின்றது.

குழாய் மெலிந்துகொண்டிருந்தது.

பல்லில்லாத வாய் பீடி இழுக்கும்போது கன்னம் உள்ளே போவது போல, குழாயின் நடுப்பகுதி உள்ளே சப்பிப்போய்க் காகிதம் மாதிரித் தட்டையாகிவிட்டது.

"விடு."

விட்டான். குழாய் 'டப்'பென்று உருண்டைக்குத் திரும்பியது.

"மிதி."

மறுபடி சப்பியது. மூன்று நிமிடத்தில் முள் நடுக்கோட்டைத் தாண்டியது. அண்ணன் காலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தான்; தங்கை ஏறி மிதிக்க, அவனும் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வந்தான். அவனுக்கும் ஒருமுறை மிதித்துக் காட்டினார்கள். அவன் முதல் தடவையாகச் சந்தேகமில்லாமல் பேசினான்.

"இதுக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கணும் தங்கச்சி. கம்பெனியில போட்டே வரும். வேகமா ஓடறப்போ என்ஜின் பம்ப் இழுக்கற இழுப்புல ரப்பர் சப்பாம இருக்க. நான் ரேடியேட்டரைக் கழட்டினப்போ ஒரு முனையைத்தான் உருவினேன், உள்ள பாக்கல. தப்புதான். ஆனா யாரோ குழாயை மாத்தினப்போ சுருளை வெளிய எடுத்துட்டாங்க."

"எப்படி இருக்கும்?"

இரண்டு கையையும் விரித்து ஒரு சாண் நீளம் காட்டினான். விரலை வளைத்துப் பருமன் காட்டினான்.

தங்கைக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எட்டு மாதமாக தினமும் பார்த்த பொருள்.

சமையலறை அலமாரியின் நடுத்தட்டில் அது படுத்திருந்தது. சுற்றுக்கு ஒன்றாகச் சீட்டுகள் செருகியிருந்தன: மின்சார ரசீது, சொட்டு மருந்துச் சீட்டு, யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை. முதல் சுற்றில் அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டை. வியாழன் என்று எழுதி அடித்து, திங்கள் என்று எழுதியிருந்தது.

அவள் எடுத்ததும் காகிதங்கள் சரிந்தன. அந்தச் சத்தத்துக்கு அம்மா திரும்பினாள்.

"எதுக்குடி அதை எடுக்கறே?"

"இது ஏதும்மா?"

"உங்கப்பா குடுத்தது. வண்டிக்குக் குழாய் மாத்தினாரே, அப்போ. குழாய்க்குள்ள தண்ணியைத் தவிர எது இருந்தாலும் அடைப்புதான்னாரு. கம்பி நல்லா இருக்கு, தூக்கிப் போட வேணாம்னாரு. நான்தான் சீட்டு செருகிக்கிட்டேன்." அம்மா நிறுத்தினாள். ஷெட்டில் நடந்த பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. இப்போதுதான் அதன் அர்த்தம் விளங்கியது. "ஐயோ," என்றாள், மெதுவாக. அப்புறம், "அவர்கிட்ட யாரு சொல்லப்போறீங்க?"

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் குறட்டை நின்றிருந்தது.

*

அப்பா பனியனோடு ஷெட்டுக்கு வந்தார்.

"சாவி யாரு குடுத்தது?"

"நான்," என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

அவர் அதற்குப் பதில் தேடுவதற்குள் மெக்கானிக் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு வீட்டு விவகாரம் தெரியாது.

"கண்டுபிடிச்சாச்சுங்கய்யா. தம்பி மேல தப்பே இல்ல. எவனோ ஒரு மடையன் இதுல இருந்த சுருளை உருவிட்டிருக்கான்."

அண்ணன் தரையைப் பார்த்தான். தங்கை கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தாமதம். அப்பா பார்த்துவிட்டார்.

"குழாய்க்குள்ள எதுக்குக் கம்பி?" என்றார். குரலில் இன்னும் பம்ப் ஹவுஸ் இருந்தது. "தண்ணி தடையில்லாம போகணும். அது என்ஜின்லேருந்து ரேடியேட்டருக்குத் தள்ளுற லைன். தள்ளுற பக்கம் ரப்பர் தாங்கும்."

"இல்லீங்கய்யா. தள்ளுறது மேல் குழாய் வழியா. சூடு மேல போகும், ஆறினது அடியில வரும். கீழ்க்குழாய்ல பம்ப் உறிஞ்சுது."

அப்பா குழாயைப் பார்த்தார். மேல் குழாயைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். முப்பத்தொரு வருடம் தண்ணீரின் திசையைப் பார்த்தே சம்பளம் வாங்கியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சக்ஷனா," என்றார்.

சக்ஷன் கதையின் கடைசி வரி அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். மெக்கானிக்குக்கும், காலையில்தான் கேட்டிருந்தான். அவன் முகம் மெல்ல மாறியது. மடையன் என்ற வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லாமல், துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான்.

"ஆறட்டும்," என்றான் கடைசியில். "ஒரு மணி நேரம் யாரும் மூடியைத் தொடாதீங்க."

என்ஜின் ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் போடும். அந்த ஒரு மணி நேரமும் அதுதான் பேசியது. அப்பா உள்ளே போய்விட்டார். அண்ணன் டயர் மேல் உட்கார்ந்தான். இத்தனை நாள் அவன் இதற்காகத்தான் காத்திருந்தான்; தண்ணீர் பார்த்தேன் என்பதை யாராவது நம்ப வேண்டும் என்று. இப்போது நம்பிவிட்டார்கள். ஆனால் அந்த மூடியைத் திறந்தது அவன்தான். அதற்கு எந்தச் சுருளும் பொறுப்பில்லை. ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு வரவில்லை.

"ஏதாவது சொல்லிடாதே அவர்கிட்ட," என்றான் தங்கையிடம்.

"நான் என்ன சொல்றது? அவரே பதினொரு வருஷமா சொல்லிட்டாரே."

குழாயைக் கழற்றினார்கள். சுருள் உள்ளே போக மறுத்தது. மெக்கானிக் எண்ணெய் தடவலாமா என்று யோசித்தான்.

"எண்ணெய் ரப்பரைத் தின்னுடும்," என்று ஒரு குரல். அப்பா, கையில் சோப்புத் தண்ணீர்க் குவளையோடு. "சோப்பு போடு. தள்ளாதே, திருகு. சுருள் சுத்துற பக்கமா."

அவரே உட்கார்ந்தார். அண்ணன் இடது கையால் குழாயின் ஒரு முனையைப் பிடித்தான். அப்பா திருகினார். சுருள் ஒவ்வொரு சுற்றாக உள்ளே போனது. இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. கட்டுப் போட்ட கை நடுவில் இருந்தது. அப்பா ஒருமுறை அதைப் பார்த்தார். பிறகு திருகுவதற்குத் திரும்பினார். கடைசிச் சுற்று போனதும் எழுந்து, குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிளிப்பை இறுக்கி, தண்ணீர் நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றி, மெக்கானிக் எழுந்தான். தங்கை எல்லோர் முன்னாலும் சாவியை அண்ணனிடம் கொடுத்தாள்.

*

அண்ணனும் தங்கையும் மலை ஏறினார்கள். மூன்றாவது வளைவு. செகண்ட் கியர், முழு மிதி. வலது கை விரல்களால் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு இடது கையால் வளைத்தான். முள் நடுக்கோட்டில். ஐந்தாவது. முள் நடுக்கோட்டில். ஏழாவது வளைவில் அம்மா உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். குழாய் உருண்டையாக இருந்தது.

"நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பிடலாம்," என்றான். "இந்தக் கை இவ்வளவு தாங்கும்."

இறங்கும்போதுதான் மனதிலிருந்தது வெளியே வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா."

"சோப்புத் தண்ணி கொண்டுவந்தாரே."

"அது வண்டிக்கு."

அது உண்மைதான்.

தெருவுக்குள் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில், நீலக் கதவு போட்ட வீட்டுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். துவைத்த சட்டை. சீவிய தலை. பையில் தட்டிப் பார்க்க ஒன்றுமில்லாத கைகள் சும்மா தொங்கின.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினான். "அப்பாவா அது?"

"நெட்டை வீடு," என்றாள் தங்கை.

அப்பா கதவைத் தட்டுவதாகத் தெரியவில்லை. தட்டிவிட்டு இப்போது காத்திருக்கிறாரோ என்னவோ. வண்டிச் சத்தம் கேட்டிருக்கும், முப்பது அடிதான். திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குச் சொல்ல வேண்டியதை அங்க போய்ச் சொல்றாரா?"

"பழசுலேருந்து ஆரம்பிக்கிறார் போல," என்றாள். "உன் முறை வரும். இரு."

நீலக் கதவு ஒரு சாண் திறந்தது. நிலையை முட்டும் உயரத்தில் ஒரு நரைத்த தலை. இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அப்பா ஏதோ சொன்னார். ஒரே வார்த்தை மாதிரி இருந்தது. என்ன வார்த்தை என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் கேட்கவில்லை, ஆனால் உதடு அசைந்த விதம் மத்தியானம் ஷெட்டில் 'சக்ஷனா' என்றபோது பார்த்ததேதான்.

நெட்டை சிரிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார். அப்பா செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்து, தலை குனிந்து உள்ளே போனார்.

அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம், தெருவில் கேட்கும்படி, பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது; பதினொரு வருடப் பேச்சு முடியும் வரை நெட்டை அவரை வெளியே விடப்போவதில்லை போல.